குழந்தையின் காது: மும்பைத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான், ஆன்டாப் ஹில், செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் குழந்தையின் காதைக் காட்ட மருத்துவமனைக்குப் போகும்போது மொழித்துணையாக உடன் சென்று வருகிறேன். நான் மருத்துவர் அல்லள். காது கேளாமல் பிறந்த ஒரு பெண்ணுக்குத் தாய். மருத்துவர் இந்தியிலோ மராத்தியிலோ சொன்னதைத் தமிழில் சொல்லி முடித்த பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் பெற்றோர் உண்மையான ஐயங்களைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகள் வீட்டுக்கு வீடு மாறுவதே இல்லை. ஆகவே அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி, ஆய்வுகள் உறுதிசெய்துள்ளவற்றை ஒட்டி விடை தந்திருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு என்ன செய்வது என்பதை, குழந்தையை நேரில் பார்க்கும் காது மருத்துவரும், கேட்கும் திறனை அளக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்டும்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கதவைச் சாத்தினா உடனே திரும்பிப் பார்க்கிறான். அப்போ காது கேட்குதுன்னுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கதவு அறைந்து சாத்தப்படும்போது ஒலியோடு தரையின் அதிர்வும், காற்றின் அசைவும், நிழலின் நகர்வும் குழந்தையை எட்டுகின்றன. பலகைத் தளமும் தகரச் சுவரும் உள்ள வீட்டில் அதிர்வு இன்னும் நன்றாகவே தெரியும். கேட்க இயலாத குழந்தை கண்ணாலும் தோலாலும் உலகைக் கவனிப்பதில் மிகக் கூர்மையாக இருக்கும். அதனால்தான் தட்டைக் கீழே போட்டுப் பார்க்கும் வீட்டுச் சோதனைகள் நம்மை ஏமாற்றிவிடுகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. கேளாமைக்குப் பல படிகள் இருக்கின்றன. கனத்த ஒலிகளைக் கேட்டு மெல்லிய, கூரிய ஒலிகளை மட்டும் இழந்த குழந்தைக்கு மேளமும் பஸ் ஹாரனும் கேட்கும். ஆனால் கடை, சடை, தடை, படை என்ற நான்கு சொற்களும் ஒன்றுபோலவே ஒலிக்கும். கூப்பிட்டால் திரும்பும் அந்தக் குழந்தை, சொன்னதைப் புரிந்துகொள்ளாததால் ‘பிடிவாதக்காரன்’ என்று பெயர் வாங்குகிறது. வீட்டில் செய்யும் சோதனையால் சந்தேகத்தை எழுப்பலாமே தவிர, சந்தேகத்தைத் தீர்க்க முடியாது.

பொறந்து ரெண்டு நாள்தான் ஆச்சு. கேட்குதா இல்லையான்னு இந்தப் பச்சப்பிள்ளை எப்படிச் சொல்லும்?

குழந்தை எதையும் சொல்லத் தேவையில்லை. 1978-இல் டேவிட் கெம்ப் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர், ஒலியைக் கேட்கும் காது தானும் ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்று கண்டறிந்தார். உள்காதிலுள்ள நத்தை வடிவ உறுப்பான காக்ளியாவில் புற மயிர்செல்கள் என்று ஒருவகைச் செல்கள் உள்ளன. அவை நலமாக இருந்தால்தான் இந்த எதிரொலி கிடைக்கும். தூங்கும் குழந்தையின் காதில் மென்மையான முனையொன்றை வைத்துச் சில நிமிடங்களில் இதை அளந்துவிடலாம். ஓஏஇ என்று சீட்டில் எழுதுவது இந்தச் சோதனையைத்தான்.

இன்னொன்று பெரா. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு ஒட்டுகளை வைத்து, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று அலைகளாகப் பதிவுசெய்வார்கள். இரண்டிலும் ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, வலியும் கிடையாது. கைக்குழந்தை தானாகத் தூங்கும்போதே பெராவை எடுத்துவிடலாம். ஓடியாடும் வயது வந்துவிட்டால் தூங்குவதற்கு மருந்து கொடுக்க நேரும். சீக்கிரம் போவதில் இப்படி ஒரு சௌகரியமும் இருக்கிறது.

முதல் டெஸ்ட்ல ‘ரெஃபர்’னு எழுதிட்டாங்க. என் பிள்ளை செவிடா?

‘ரெஃபர்’ என்றால் மறுபடியும் பார்க்க வேண்டும் என்பதே பொருள். பிறந்த முதல் ஓரிரு நாட்களில் காதுத் துளையில் பனிக்குட நீரோ வெண்மெழுகோ தங்கியிருந்தால் எதிரொலி வெளியே வராது. இப்படித் திருப்பி அனுப்பப்படும் குழந்தைகளில் பெரும்பாலோர் அடுத்த சோதனையில் தேறிவிடுகிறார்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்கே பிறவியில் குறிப்பிடத்தக்க கேளாமை இருக்கிறது.

என் கவலையெல்லாம் அந்த மறுசோதனைக்கு வராத குழந்தைகளைப் பற்றியதுதான். நம் வீடுகளில் தலைப்பிரசவத்துக்குப் பெண் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ தாய்வீடு போகிறாள். அங்கே ‘ரெஃபர்’ என்று எழுதிய சீட்டு, தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் செருகப்பட்டு, ஐந்தாம் மாதம் குழந்தையோடு மும்பைக்கு ரயிலேறி வருகிறது. யாரும் அதை மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான கண்டறிதல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் கால அளவு. மறுசோதனையைப் பிறந்த மருத்துவமனையிலேயே செய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு இருக்கும் ஊரிலேயே போகலாம்.

பிறந்தப்போ பாஸ் ஆயிட்டான். இப்போ மூணு வயசுல கேட்கலைங்கறாங்க. அன்னிக்கு மெஷின் தப்பாக் காட்டிச்சா?

பெரும்பாலும் அன்றைய முடிவு சரியாகவே இருந்திருக்கும். தாய்க்கு வெளியே தெரியாமல் வந்து கருவைத் தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ், சில பரம்பரைக் காரணங்கள், மூளைக்காய்ச்சல், பொன்னுக்கு வீங்கி ஆகியவை பிறந்தபின் கேட்கும் திறனைக் குறைக்கக்கூடியவை. பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் ஒரு காதையே பாதிப்பதால், குழந்தை டெலிபோனை எந்தக் காதில் வைக்கிறது என்று கவனிக்கும்வரை தெரியாமலேயே போவதும் உண்டு. மூளைக்காய்ச்சல் வந்து குணமான குழந்தைக்கு ஒரு நாளும் தாமதிக்காமல் பெரா எடுக்க வேண்டும். அந்த நோய்க்குப் பின் காக்ளியாவின் உட்புறம் எலும்பாக இறுகத் தொடங்கிவிடலாம். இறுகிவிட்டால் பிறகு அறுவை சிகிச்சை செய்வது மிகக் கடினமாகிவிடும்.

வேறொரு வகையும் இருக்கிறது. காக்ளியா நலமாக இருந்து, அங்கிருந்து நரம்புக்குச் செய்தி சீராகப் போகாவிட்டால், ஓஏஇ ‘பாஸ்’ என்று காட்டும். பெராவில் அலைகள் சிதைந்திருக்கும். கடுமையான மஞ்சள்காமாலையோடு பிறந்த குழந்தைகளிடமும், தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் இருந்த குறைமாதக் குழந்தைகளிடமும் இது மிகுதி. ஆகவே அத்தகைய குழந்தைக்கு ஓஏஇ மட்டும் எடுத்து அனுப்பினால், பெராவையும் கேட்டு வாங்குங்கள்.

எங்க மாமனாரே நாலு வயசுலதான் பேசினாராம். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தா என்ன?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் இதைத்தான் மிக அஞ்சுகிறேன், ஏனென்றால் இதே நம்பிக்கையில் நானும் காத்திருந்தேன். என் மகளுக்கு ஒரு வயதானபோது, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று நாங்கள் வழக்கமாகக் காட்டும் மருத்துவரிடம் சொன்னேன். “முதல் குழந்தை, பயப்படாதீர்கள், மூன்று வயது வரை பார்க்கலாம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பினால் பதினான்கு மாதங்களை இழந்தோம்.

அந்த மாதங்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் உடன் ஆய்வாளர்களும் கேளாமை உள்ள 150 குழந்தைகளைப் பற்றி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட 72 பேர், அதற்குப் பின் கண்டறியப்பட்ட 78 பேரைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள். கேளாமையின் அளவோ குடும்பத்தின் வருமானமோ அந்த வேறுபாட்டை விளக்கவில்லை. கண்டறிந்த காலமே விளக்கியது. அனு சர்மாவும் அவருடைய குழுவும் 2002-இல், ஒலிக்கு மூளை எவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டுகிறது என்று அளந்தார்கள். மூன்றரை வயதுக்குள் இம்ப்ளாண்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) பெற்ற குழந்தைகளின் மூளை, சில மாதங்களிலேயே கேட்கும் குழந்தைகளின் மூளையைப் போல இயங்கத் தொடங்கியது. ஏழு வயதுக்குப் பின் பெற்றவர்களிடம் பெரும்பாலும் அவ்வாறு நிகழவில்லை. ஒலியே வராத மூளைப்பகுதி சும்மா இருப்பதில்லை. பார்வை முதலிய வேறு வேலைகளுக்குத் தன்னைக் கொடுத்துவிடுகிறது.

மாமனார் தாமதமாகப் பேசியிருக்கலாம். ஆனால் அவருக்குக் காது கேட்டது. பேச்சு தாமதமாகும் எல்லாக் குழந்தைக்கும் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்த பிறகு, பேச்சு ஏன் தாமதமாகிறது என்று வேறு காரணங்களைத் தேடலாம்.

ஆனா ஆ, ஊன்னு நல்லா சத்தம் போடுறாளே. கேட்காத பிள்ளை எப்படி சத்தம் போடும்?

கேட்காத குழந்தையும் அழும், சிரிக்கும், கூவும். ஏறத்தாழ ஆறாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதத்துக்குள், கேட்கும் குழந்தை ‘பபப’, ‘மமம’, ‘ததத’ என்று மெய்யும் உயிரும் சேர்த்து அடுக்கத் தொடங்கும். கேட்காத குழந்தையிடம் இந்த அடுக்கு மிகத் தாமதமாக வரும் அல்லது வராது. எனவே எவ்வளவு சத்தம் போடுகிறாள் என்பதை விட்டு, என்ன சத்தம் போடுகிறாள் என்று கவனியுங்கள்.

வசம்பு சுட்டு நாக்குல தேய்ச்சா, கோயில்ல தேன் தடவினா பேச்சு வராதா?

கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை, நானும் போனேன். ஆனால் பேச்சு வராததற்கு நாக்கில் குறையில்லை. கேட்காத சொல்லைத் திருப்பிச் சொல்ல எந்த நாக்காலும் முடியாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தரவே கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அரிதாக அதனால் உயிருக்கு ஆபத்தான நச்சுநோய் வரக்கூடும்.

சொந்தத்துல கட்டினதாலதான் இப்படின்னு எல்லாரும் என்னையே சொல்றாங்க. உண்மையா?

இதற்கு முழு விடை தர வேண்டும், ஏனென்றால் அரைகுறை விடையால் குடும்பங்கள் உடைந்திருக்கின்றன. பிறவிக் கேளாமையில் பாதிக்கும் மேற்பட்டது மரபணு சார்ந்தது. அதிலும் பெரும்பகுதி, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக மாறுபட்ட இரண்டு மரபணுப் படிகள் (நகல்கள்) சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் வகை. ஒரே ஒரு மாறிய படியை வைத்திருப்பவருக்குக் காது நன்றாகவே கேட்கும். தன்னிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. மாமன் மகனும் அத்தை மகளும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். எனவே ஒரே மாறுபாடு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு உறவுத் திருமணத்தில் கூடுகிறது. இது உண்மை. உறவில் திருமணம் செய்த பெரும்பாலோருக்குக் கேட்கும் குழந்தைகளே பிறக்கிறார்கள் என்பதும், உறவே இல்லாத தம்பதியருக்கும் இதே கேளாமையோடு குழந்தை பிறக்கிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

மிகுதியாக ஆராயப்பட்ட மரபணு கனெக்ஸின் 26 என்ற புரதத்துக்குரியது. காக்ளியாவில் செல்லுக்குச் செல் பொட்டாசியம் முதலியவை கடந்து செல்லும் வாயில்களை இந்தப் புரதம் கட்டுகிறது. இதற்கும் கேளாமைக்கும் உள்ள தொடர்பு 1997-இல் தெரிய வந்தது. 2003-இல் இந்தியக் குடும்பங்களைப் பற்றி வெளிவந்த ஆய்வு, புரதத்தின் 24-ஆம் இடத்தில் கட்டுமானத்தையே நிறுத்திவிடும் ஒரு மாறுபாடு இங்கே முதன்மையானது என்றும், அது பழைய மூதாதை ஒருவரிடமிருந்து வழிவழியாக வந்திருக்க வேண்டும் என்றும் காட்டியது. ஐரோப்பாவின் ரோமா மக்களிடமும் இதே மாறுபாடு காணப்படுகிறது. அவர்கள் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. அவ்வளவு பழைய ஒன்றுக்கு, சயான் கோலிவாடாவில் நேற்று பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை எப்படிக் குற்றம் சொல்வது? மேலும் இரண்டு படிகளில் ஒன்று தந்தையுடையது. மாமியார் முன்னிலையில் இதைச் சொல்லும்படி மருத்துவரிடமே நான் கேட்டுக்கொள்வது வழக்கம்.

அப்போ அடுத்த பிள்ளைக்கும் வருமா?

மேலே சொன்ன வகையாக இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்தடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். காரணம் எது என்று மரபணுச் சோதனை செய்து தெரிந்துகொண்டால் மருத்துவர் திட்டமாகச் சொல்ல முடியும்.

தடுக்கக்கூடிய காரணங்களும் உண்டு. பிறவியில் வருவதோடு பிறந்தபின் வருவதையும் சேர்த்தால், குழந்தைகளின் கேளாமையில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ருபெல்லா என்ற வைரஸ் நோய் வந்தால் குழந்தையின் கண், இதயம், காது மூன்றும் பாதிக்கப்படலாம். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல் இந்த நோயைக் கண்புரையோடு பிறந்த குழந்தைகளோடு தொடர்புபடுத்தினார். கேளாமைக்கும் அதுவே காரணம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிந்தது. இந்தியாவில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் வளர்ந்த பெண்கள், கருவுறுவதற்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டும். கருவுற்ற பிறகு அந்த ஊசியைப் போட முடியாது. தாய்வழி உறவினரில் பலருக்கு ஏதோ ஊசி போட்டபின் காது மந்தமானது என்று கேள்விப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகளை மிகச் சிறிய அளவில்கூடத் தாங்க முடியாதபடி செய்யும் ஒரு மரபு மாறுபாடு தாய்வழியாகவே வருகிறது என்பது 1993-இல் கண்டறியப்பட்டது.

அடிக்கடி காதுல சீழ் வடியுது. வளர்ந்தா தானா நின்னுடும்னு சொல்றாங்களே?

நிற்கும், மறுபடி வரும், ஒவ்வொரு முறையும் கேட்கும் திறனில் கொஞ்சத்தைக் கொண்டுபோகும். நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி பிடிக்கும்போது கிருமி எளிதில் காதுக்கு ஏறிவிடுகிறது. அங்கே சீழ் கட்டிச் செவிப்பறை கிழிந்தால் வலி நின்றுவிடும். வலி நின்றதும் நாமும் மறந்துவிடுகிறோம். கிழிசல் மூடாமல் வாரக்கணக்கில் சீழ் வந்தால் அது நாள்பட்ட நோய். 2004-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன அறிக்கை, மக்கள்தொகையில் 4 விழுக்காட்டுக்கு மேல் இந்த நோய் உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவை வைத்தது. நெருக்கமான வீடுகள், புகை, ஊட்டக்குறைவு ஆகியவை இதற்குத் துணைபோகின்றன.

சீழில் இரு வகை உண்டு. சளிபோல ஏராளமாக வந்து நாற்றம் குறைவாக இருப்பது ஒரு வகை. காதைத் துடைத்து உலர்த்துவதும் மருத்துவர் எழுதித் தரும் சொட்டுமருந்துமே இதற்கு அடிப்படைச் சிகிச்சை. ஓட்டையுள்ள காதில் விழுங்கும் மாத்திரையைவிடச் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சொட்டுமருந்தே சீழை நன்றாக நிறுத்துகிறது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லாச் சொட்டுமருந்தும் ஓட்டைக் காதுக்கு ஏற்றதல்ல என்பதால் பழைய பாட்டிலை எடுத்து ஊற்றாதீர்கள். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துக்கொள்ளச் செய்யுங்கள். இரண்டாவது வகையில் சீழ் கொஞ்சமாகவும் கடும் நாற்றத்தோடும் இரத்தக் கசிவோடும் வரும். நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரிப்பதன் அடையாளம் அது. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, காய்ச்சலுடன் கடுந்தலைவலி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளைக்குச் சீழ் பரவியிருக்கக்கூடும்.

தடுப்பதற்கு நாம் செய்யக்கூடியவை சில உண்டு: தாய்ப்பால், படுக்கவைத்துப் புட்டிப்பால் ஊட்டாமை, குழந்தை இருக்கும் வீட்டில் பீடி சிகரெட் புகையாமை, 2021-இல் நாடு முழுவதற்கும் விரிவான நிமோகாக்கல் தடுப்பூசி. இவற்றில் புகையைப் பற்றிச் சொன்னால்தான் வீட்டு ஆண்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

எண்ணெய் காய்ச்சி ஊத்தலாமா? ஸ்டேஷன் கிட்ட காது சுத்தம் பண்றவர்கிட்டக் காட்டலாமா?

இரண்டும் வேண்டாம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், ஓட்டையுள்ள காதில் நேராக நடுக்காதுக்குள் இறங்கும். மும்பையின் நான்கு மாத மழை ஈரத்தில் காதுக்குள் பூஞ்சை வளர அதுவும் துணைசெய்யும். சிவப்புத் தலைப்பாகையோடு ஊசியும் பஞ்சுமாக நிற்பவர்கள் அந்தத் தொழிலையே நம்பிப் பிழைப்பவர்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் குழந்தையின் செவிப்பறை அந்த ஊசிமுனைக்கு மிக அருகில் இருக்கிறது. காது அழுக்கு பெரும்பாலும் தானாகவே வெளியே வரும்.

சீழும் இல்ல, வலியும் இல்ல. செவிப்பறைக்குப் பின்னாடி தண்ணி இருக்கு, குழாய் வைக்கணும்னு சொல்றாங்க. தேவையா?

இதைப் பசைக்காது என்று சொல்லலாம். பள்ளிக்குப் போகும் முன் மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒருமுறையாவது இது வந்து போயிருக்கும். விரல்களால் காதை அடைத்துக்கொண்டு கேட்பதுபோன்ற மந்தம் இருக்கும்; டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள், வகுப்பில் ‘கவனமில்லை’ என்பார்கள். பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாகவே வடிந்துவிடும். எனவே மூன்று மாதம் காத்திருந்து மறுபடி சோதிப்பதே முறை. (முன்னே காத்திருக்காதீர்கள் என்று சொன்னவள் இங்கே காத்திருக்கச் சொல்கிறேனே என்று எண்ண வேண்டாம், இது கண்டறிந்தபின், தேதி குறித்துக்கொண்டு காத்திருப்பது.)

நீரை வடிக்கச் செவிப்பறையில் வைக்கும் சிறு குழாயைப் பற்றிய பெரிய ஆய்வு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. மூன்று வயதுக்குட்பட்ட, நீர் நீடித்திருந்த 429 குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே குழாய் வைத்தார்கள். மறு குழுவுக்குத் தேவைப்பட்டால் பல மாதங்கள் கழித்து வைத்தார்கள். மூன்று வயதிலும், பிறகு ஒன்பது முதல் பதினொரு வயதிலும் சோதித்தபோது பேச்சிலோ மொழியிலோ அறிவிலோ இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. முடிவுகள் 2001-இலும் 2007-இலும் வெளிவந்தன. ஆனால் அது மற்றபடி நலமாக இருந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வு. உங்கள் குழந்தைக்கு ஏற்கெனவே நரம்புக் கேளாமையோ, பிளவுபட்ட அண்ணமோ, டவுன் நோய்க்குறியோ இருந்தால் அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. இரு காதிலும் மந்தம் நீடித்தால் குழாய் வைப்பது நல்லதே. அஞ்சத்தக்க அறுவை அல்ல.

ஒரு காது நல்லாத்தானே கேட்குது. போதாதா?

போதும் என்றுதான் நெடுங்காலம் மருத்துவர்களும் எண்ணினார்கள். 1980-களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் பெஸ்ஸும் ஆன் மேரி தார்ப்பும், ஒரு காது மட்டும் கேட்கும் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஏதேனும் ஒரு வகுப்பில் தோற்றிருந்தது தெரிந்தது. ஒரு காதால் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறிவதும், இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பதும் கடினம். ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். தாராவியின் நைன்ட்டி ஃபீட் ரோட்டைக் கடக்கும்போது கையை விடாதீர்கள்.

மெஷின் மாட்டினா இப்போ கொஞ்சநஞ்சம் கேட்கிறதும் போயிடுமாமே?

குழந்தையின் கேட்கும் அளவை அளந்து, அதற்கேற்ப ஒலி வரம்பு வைத்த ஹியரிங் எய்டால் காது கெடாது. அளக்காமல் கடையில் வாங்கி மாட்டும் ஒலிபெருக்கி அத்தகையதன்று. காது வளர வளர, கருவியைக் காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்து விசில் சத்தம் வரும். கைக்குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய அச்சு எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் இரவு சிலிக்கா ஜெல் உள்ள மூடிய டப்பாவில் வைக்காவிட்டால் ஈரம் கருவியைக் கெடுத்துவிடும். விசேஷத்துக்கு மட்டும் மாட்டி வீட்டில் கழற்றிவைப்பவர்கள் உண்டு. மொழியைக் குழந்தை வீட்டில்தான் கற்கிறது, ஆகவே விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் இருக்க வேண்டும்.

கருவி வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க, டேனியல் லிங் என்ற ஆசிரியர் வகுத்த ஆறு ஒலிச் சோதனை போதும். குழந்தைக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாக, சீரான இடைவெளியின்றிச் சொல்லுங்கள். பேச்சின் கனத்த ஒலி முதல் கூரிய ஒலி வரை இந்த ஆறிலும் அடங்கிவிடும். ஸ் மட்டும் கேட்கவில்லை என்றால் ஆடியாலஜிஸ்டிடம் போய் அதையே சொல்லலாம். “சரியாக் கேட்கலை” என்பதைவிட அது அவருக்கு மிகவும் உதவும்.

ஆபரேஷன் பண்ணிட்டா மறுநாளே பேசுவானா? அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது?

ஹியரிங் எய்டால் பயனில்லாத அளவுக்குக் கேளாமை இருந்தால்தான் காக்ளியர் இம்ப்ளாண்ட். வெளியே உள்ள கருவி ஒலியை வாங்கி மின்குறிப்பாக மாற்ற, காக்ளியாவுக்குள் செருகிய மெல்லிய மின்முனைகள் நரம்பை நேராகத் தூண்டுகின்றன. பல மின்முனைகள் கொண்ட தன் கருவியை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கிரேம் கிளார்க் முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தியது 1978 ஆகஸ்ட் 1 அன்று. அறுவை முடிந்து புண் ஆறியபின், சில வாரங்கள் கழித்தே கருவியை இயக்குவார்கள். அன்றுதான் அந்தக் குழந்தையின் காதுக்கு முதல் நாள். கேட்கப் பழகிப் பேச்சு வருவதற்குப் பயிற்சி ஓரிரு ஆண்டுகளாவது தொடர வேண்டும். என் மகள் முதல் சொல்லைச் சொன்னது கருவி இயங்கிய பதினோராம் மாதம்.

ஒரு கருவிக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். மாற்றுத்திறனாளிகள் கருவி பெற உதவும் மத்திய அரசின் அடிப் திட்டம் நாடு முழுவதற்கும் உரியது. வயது வரம்பும் வருமான வரம்பும் உண்டு. பேச்சு, கேட்புக் குறைபாடுகளுக்காக 1983-இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமே இதற்குப் பொறுப்பு நிறுவனம். தாராவியிலிருந்து மாஹிம் கழிமுகத்தைத் தாண்டினால் பாந்த்ரா ரெக்ளமேஷனில் இருக்கிறது. மாநிலத் திட்டங்கள் அந்தந்த மாநிலத்தின் குடும்ப அட்டையைக் கேட்கும் என்பதால், ஊரில் அட்டையும் இங்கே வாழ்வுமாக இருப்பவர்கள் எந்தத் திட்டத்துக்குத் தகுதி என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அறுவைக்குப் பணம் கிடைத்துவிட்டதோடு நின்றுவிடாதீர்கள். பேட்டரி, ஒயர், காயில் ஆகியவற்றின் செலவு பல ஆண்டுகளுக்குத் தொடரும். ஒயர் அறுந்து, மாற்றப் பணமில்லாமல், பல லட்ச ரூபாய்க் கருவி பீரோவில் கிடக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வீட்ல தமிழ், பால்வாடில மராத்தி, தெருவுல இந்தி. ஒரே பாஷை பேசுங்க, இந்தியே பேசுங்கன்னு சொல்லிட்டாங்க. தமிழை விட்டுடணுமா?

விட வேண்டாம். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் எனக்குப் போதவில்லை. பல மொழி கேட்டால் கேளாக் குழந்தை குழம்பிவிடும் என்ற அறிவுரை நல்லெண்ணத்தோடு தரப்படுகிறது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசும், இம்ப்ளாண்டோ ஹியரிங் எய்டோ அணிந்த குழந்தைகளைப் பற்றி ஃபெரென்ஸ் புன்ட்டாவும் அவருடைய குழுவும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழியிலும் பயிற்சி பெற்றவர்கள் ஆங்கிலத்தில் மட்டும் பெற்றவர்களைவிட மொத்த மொழித்திறனில் மேலாகவே இருந்தார்கள்.

காரணம் எளிது. குழந்தைக்கு நாளெல்லாம் வேண்டியது பேச்சு; நிறைய, நெருக்கமான, பொருளுள்ள பேச்சு. ஒரு தாய்க்கு இந்தியில் நூறு வாக்கியம் தெரியும். தமிழில் அவளுக்கு எல்லை கிடையாது. சோறு ஊட்டும்போது சொல்லும் கொஞ்சலை, திட்டை, கதையை, தாலாட்டை அவள் எந்த மொழியில் தருவாள்? அரைகுறை இந்தியில் பேசச் சொன்னபோது பேச்சையே குறைத்துக்கொண்ட தாய்மார்களை நான் அறிவேன். குழந்தைக்கு இந்தியும் வரவில்லை, தமிழும் வரவில்லை, பாட்டியோடு பேச ஒரு மொழியும் இல்லாமல் போயிற்று. முதலில் வீட்டுமொழியை உறுதியாகக் கட்டுங்கள். அதன்மேல் மராத்தியும் இந்தியும் வந்து சேரும். பேச்சுப் பயிற்சி இந்தியில் நடந்தால், அன்று பயின்ற சொற்களின் பட்டியலை வாங்கி வந்து வீட்டில் தமிழில் அதே பொருளைப் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சொற்களைச் சொல்லிக் கேட்கும் திறனைச் சோதிக்கும்போது பட்டியல் பெரும்பாலும் இந்தியிலோ மராத்தியிலோ இருக்கும். தமிழ்க் குழந்தை தவறு செய்தால் அது காதின் குறையா, தெரியாத சொல்லா என்று பிரிக்க முடியாது. தமிழ்ச் சொற்களை நீங்கள் சொல்வதாக முன்வாருங்கள். பெரும்பாலான ஆடியாலஜிஸ்டுகள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறார்கள்.

சைகை சொல்லிக் கொடுத்தா பேச்சே வராமப் போயிடும்னு பயமா இருக்கு.

சைகையால் பேச்சு தடைபடும் என்பதற்குச் சான்று இல்லை. இந்தியச் சைகை மொழி தனக்கென இலக்கணம் கொண்ட முழு மொழி. அதற்கான மத்திய நிறுவனம் தில்லியில் 2015-இல் அமைக்கப்பட்டது. கருவி வரும்வரை குழந்தை மொழியே இல்லாமல் இருப்பதைவிடக் கையால் பேசுவது மேல். இம்ப்ளாண்ட் பொருத்த இயலாத குழந்தைக்கும், காலம் கடந்து கண்டறியப்பட்ட குழந்தைக்கும் அதுவே தாய்மொழியாகலாம். மாமனார் கேள்விக்குச் சொன்ன விடையில் வயதைப் பற்றி எழுதியதைப் படித்து, பத்து வயதுப் பிள்ளையின் தந்தை ஒருவர் “அப்படியானால் என் மகனுக்கு எல்லாம் முடிந்ததா?” என்று கேட்டார். கேட்டுப் பேசும் வழி குறுகியிருக்கலாம், மொழி முடியவில்லை. அந்தப் பையன் இப்போது சைகையில் தன் தந்தையை விட வேகமாக வாதாடுகிறான்.

சீனாவுல ஊசி போட்டே காது கேட்க வச்சுட்டாங்களாமே. அதுக்காகக் காத்திருக்கலாமா?

செய்தி உண்மை. காக்ளியாவிலிருந்து நரம்புக்குச் செய்தி போகத் தேவையான ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் இல்லாமல் பிறந்த ஆறு குழந்தைகளுக்கு ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவர்கள் அந்த மரபணுவை உள்காதுக்குள் செலுத்தினார்கள். ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது. முடிவு 2024 ஜனவரியில் வெளிவந்தது. அந்த மரபணு, அதைச் செல்லுக்குள் சுமந்து செல்ல வண்டிபோலப் பயன்படுத்தும் வைரஸுக்குள் அடங்காத அளவுக்கு நீளமானது என்பதால் இரண்டாகப் பிரித்து அனுப்பி, செல்லுக்குள் ஒன்றுசேர வைத்தார்கள்.

ஆனால் இது பிறவிக் கேளாமையில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் உரியது. முன்னே நான்காவது கேள்வியில், ஓஏஇ தேறியும் பெராவில் அலை வராத குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். ஓட்டோஃபெர்லின் குறைபாடு உள்ளவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். மயிர்செல்கள் உயிரோடு இருப்பதால்தான் அங்கே சிகிச்சை பலித்தது. செல்களே அழிந்துவிட்ட காதில் அவற்றை மீண்டும் வளர்க்க மனிதருக்கு இன்னும் வழியில்லை. பறவைகளுக்கு அவை தாமாகவே வளர்கின்றன என்பது 1980-களில் தெரிந்தது முதல் அந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் குழந்தையின் அறிக்கைகள் அந்தச் சிறு பகுதியைச் சுட்டினால் மரபணுச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள், முடிவைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு காதில் இம்ப்ளாண்ட் உள்ள குழந்தையின் மறு காதில் இந்த மருந்தைச் செலுத்திய சோதனைகளும் நடந்துள்ளன. ஆகவே நாளைய ஊசிக்காக இன்றைய கருவியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பெரா எடுக்கக் கொடுத்த தேதி எதுவோ, அந்தத் தேதியில் போங்கள்.